தொழில் செய்ய இயலாத மகள்

மசோதாவைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவன் எங்கள் நீரேற்று நிலையத்து எலக்ட்ரீஷியன். சொன்னான் என்பதைவிடக் கத்தினான் என்பதே சரி. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் அறையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. மனைவியோடு சண்டை என்றாலும் மூலவியாதி என்றாலும் தொண்டை கிழியத்தான் சொல்லியாக வேண்டும். அவனை எல்லோரும் ஃப்யூஸ் என்று கூப்பிடுவோம். சட்டென்று சூடாவான், அதே வேகத்தில் அணைந்தும் போவான்.

"அண்ணே, நம்ம பென்ஷனுக்கு வேட்டு வைக்கப் போறாங்கண்ணே!"

"எவன் சொன்னான்?"

"சட்டமன்றத்துல மசோதா வருதாம். நகராட்சி ஆளுங்க பென்ஷனை எல்லாம் மாநிலமே எடுத்துக்கப் போகுதாம். எடுத்துக்கிட்டு என்ன பண்ணும், மடியில வச்சுக் கொஞ்சுமா?"

நான் வால்வைத் திருகியபடியே சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பென்ஷன் போகப்போகிறது என்ற பேச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. மழை வரப்போகிறது என்பது மாதிரி. சில தடவை தூறியும் இருக்கிறது. நனைந்து பழகியவர்கள் நாங்கள்.

"எனக்கு ரிட்டையர் ஆகற வயசு. என்னை விட்டுடுவாங்க. நீ குதி, உனக்கு வயசிருக்கு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தப் பார்த்தான், எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து காதோடு வாய் வைத்துச் சொன்னான்.

"உங்களை விட்டுடுவாங்கண்ணே. நமக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு வர்றதுலதான் கை வைக்கறாங்களாம். பாப்பா விஷயத்தை ஒருதடவை ஆபீஸ்ல நம்ம ரூல்கிட்ட கேட்டுக்கங்க."

என் கை வால்வின் சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

பாப்பா எங்கள் ஒரே மகள். வயது முப்பதைத் தாண்டியும் பெயர் பாப்பாதான். பிறந்தபோது மூச்சு எடுக்கத் தாமதித்தாள், அதற்குப் பிறகு எல்லாமே தாமதம். நடை, பேச்சு, பல் துலக்குவது, செருப்பை இடம் வலம் பார்த்துப் போடுவது, ஒவ்வொன்றையும் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, நூறு தடவை, ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தாள். சரியாகச் செய்தால் நாங்கள் இருவரும் கைதட்டுவோம். அந்தக் கைதட்டலுக்காக அவள் எதையும் செய்வாள்.

நான் போனால் என் பென்ஷன் என் மனைவிக்கு வரும். அவளும் போனால் பாப்பாவுக்கு, அவள் ஆயுள் உள்ளவரை. எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. என் மச்சினன் ஒருவன் இருக்கிறான், போனில் மட்டும் உருகுவான். ஆக, நாங்கள் இல்லாத காலத்தில் பாப்பாவைத் தெருவில் விடாமல் காக்கப்போவது அந்தப் பென்ஷன் ஒன்றுதான். இரவில் கண் மூடும்போது எனக்கும் என் மனைவிக்கும் இருந்த ஒரே தெம்பு அது.

மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ரூல் என்பவர் பென்ஷன் பிரிவு கிளார்க். எதைக் கேட்டாலும் "ரூல் என்ன சொல்லுதுன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். டீ குடிக்கலாமா என்று கேட்டாலும் அதே ஆரம்பம்தான். அன்றைக்கு அவர் ஜன்னல் முன்னால் கூட்டம். எல்லோர் முகத்திலும் என் முகம். என்னைப் பார்த்ததும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். அவர் யாரையும் உள்ளே கூப்பிடுகிறவர் அல்ல.

"உட்காருங்கண்ணே. ரூல் என்ன சொல்லுதுன்னா, உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்கு வர்றதுலதான் ஒரு வரியை மாத்தியிருக்காங்க. இப்போ இருக்கற ரூல்ல 'குறைபாடுள்ள பிள்ளை'. அவ்வளவுதான். மசோதாவுல, 'எந்தத் தொழிலும் செய்ய இயலாத பிள்ளை'."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கேட்டா ஒண்ணு மாதிரிதான் இருக்கும்" என்றார். "இன்னொண்ணும் இருக்கு. மசோதா சட்டமாகறதுக்கு முன்னாடியே ஒரு மருத்துவக் குழு பார்த்து, இந்தப் பிள்ளை இயலாத பிள்ளைதான்னு பதிவு பண்ணியிருக்கணும். சட்டம் வந்தப்புறம் போய் நின்னா, கதவு மூடியாச்சு."

"பாப்பா பேர் இருக்கே. சேர்ந்தப்பவே குடுத்தேனே."

"பேர் இருக்கு. குழு பார்த்த பதிவு இல்லை. அப்பல்லாம் யாரும் கேக்கல, நாமளும் குடுக்கல. இப்போ அவசர அவசரமா குழு போடறாங்க. ஒரு டாக்டரம்மா, ஒரு அதிகாரி. பாப்பாவை நேர்ல கூட்டிட்டு வரணும்."

"கூட்டிட்டு வர்றேன். அவளைப் பார்த்தாலே தெரியுமே."

ரூல் மேஜை மேலிருந்த பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அண்ணே, போன வருஷம் ஆபீஸ்ல எல்லாருக்கும் பிஸ்கட் குடுத்தீங்களே, எதுக்கு?"

எதற்கென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாப்பா எங்கள் எதிர் வரிசைத் தையல்கடையில் பட்டன் தைக்கவும் கொக்கி வைக்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். கடைக்கார அக்கா அவளுக்கு முதல் சம்பளம் என்று கையில் கொடுத்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி பெட்டியாக பிஸ்கட் வாங்கி வந்து, இந்தக் கட்டடத்தில் மேசை மேசையாகப் போய், "என் மக சம்பாதிக்கறா சார்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். கமிஷனர் அறை வாசலில் நின்ற காவலாளிக்குக்கூட இரண்டு கொடுத்தேன்.

"நான் அன்னிக்கு லீவு" என்றார் ரூல். "பிஸ்கட் சாப்பிடவே இல்லை. நீங்க ஒண்ணும் சொல்லவும் இல்லை. புரியுதாண்ணே?"

புரிந்தது. எழுந்து வெளியே வந்தேன். அந்த நீண்ட வராந்தாவில் நடக்கும்போது ஒவ்வொரு அறையிலிருந்தும் யாராவது தலை நிமிர்ந்து, "என்னண்ணே, பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. இவன் சாப்பிட்டான், இவள் சாப்பிட்டாள், இவர் இரண்டு எடுத்துக்கொண்டார் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. இத்தனை வாயையும் எப்படி அடைப்பது?

வீட்டில் என் மனைவி நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பகலில் அந்தக் கதவை நாங்கள் சாத்தியதே இல்லை.

"அப்போ கடைக்குப் போறதை நிறுத்திடலாம்" என்றாள்.

"அவ தாங்குவாளா?"

"தாங்கித்தான் ஆகணும். இன்னிக்கு அவ பட்டன் தைக்கறது முக்கியமா, நாளைக்கு அவ பட்டினி கிடக்காம இருக்கறது முக்கியமா? நீங்களே சொல்லுங்க."

தையல் அக்காவிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துக் காலரில் குத்திவிட்டுப் பேசினாள்.

"யாராவது வந்து கேட்டா, உங்க பொண்ணு இங்கே சும்மா வந்து உட்காரும், வேடிக்கை பார்க்கும், போகும்னு சொல்லணும். அதானே?"

"ஆமாக்கா. தப்பா நினைக்காதீங்க."

"நாளைக்குத் தர்றேன், நாளைக்குத் தர்றேன்னு நாள் முழுக்கப் பொய் சொல்லிப் பிழைக்கறவ நான். எனக்கு என்ன அண்ணா, இன்னொரு பொய் கசக்கவா போகுது?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா அவ காதுல விழற மாதிரி என்னைச் சொல்ல வச்சிடாதீங்க. அவ தச்ச கொக்கி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் தச்சதே திரும்பி வரும்."

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பித்தது. என் மனைவி நாற்காலியில் அதிகாரி மாதிரி உட்காருவாள். எதிரே பாப்பா. நான் பக்கத்தில்.

"உனக்கு என்ன வேலை தெரியும்?"

"கொக்கி தைப்பேன், பட்டன் தைப்பேன்" என்று பாப்பா தோளை நிமிர்த்திச் சொன்னாள். "சின்ன பட்டனுக்கு ரெண்டு ஓட்டை. பெரிய பட்டனுக்கு நாலு ஓட்டை."

"இல்லடா. தெரியாதுன்னு சொல்லணும்."

"தெரியுமே!"

"தெரியும். ஆனா தெரியாதுன்னு சொல்லணும்."

பாப்பா என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பொய் என்றால் என்னவென்று நாங்கள் அவளுக்குச் சொல்லித்தந்ததே இல்லை. தேவைப்படவில்லை. இப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சொல்லிக்கொடுத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, நூறு தடவை. சமைக்கத் தெரியுமா? தெரியாது. கூட்டத் தெரியுமா? தெரியாது. தைக்கத் தெரியுமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உதடு துடிக்கும், "தெரி" என்று நிற்கும். ஒரு சாயங்காலம் கடைசியில் வந்துவிட்டது.

"தைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

சொல்லிவிட்டு எங்கள் கைகளைப் பார்த்தாள். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த நாள் காலையில் சீப்பை எடுத்துக் கொடுத்து, "தலை வாரிக்கோ பாப்பா" என்றாள் என் மனைவி.

"தெரியாது" என்றாள் பாப்பா. மறுபடி எங்கள் கைகளைப் பார்த்தாள்.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி கள்ளி, அம்மாகிட்டயேவா?" என்று அவளே வாரிவிட்டாள். அதில் பயப்பட ஒன்றும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

மதியம் சட்டை பட்டனைப் போட்டுக்கொள்ளவில்லை. தெரியாது. டம்ளரைக் கழுவவில்லை. தெரியாது. சாயங்காலம் குளியலறையிலிருந்து வெகுநேரம் சத்தமே இல்லை. என் மனைவி போய்ப் பார்த்தபோது அவள் சோப்பைக் கையில் பிடித்தபடி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாளாம்.

"ஏண்டா நிக்கற? போட்டுக்கோ."

"தெரியாது."

என் மனைவி என்னை அழைத்த குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பம்ப் அறையில் பெல்ட் அறுந்து போகும்போது ஒரு சத்தம் வரும். அது மாதிரி இருந்தது.

பாப்பாவை உட்கார வைத்து நான் சொல்லிப் பார்த்தேன். "கண்ணு, அவங்ககிட்ட மட்டும்தான் தெரியாது. அம்மாகிட்ட தெரியும். அப்பாகிட்ட தெரியும். சரியா?"

"தெரியாது" என்றாள், மிக மெதுவாக, நல்ல பிள்ளையாக.

என் தொழிலில் வால்வைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று வேண்டிய அளவுக்குத் திறந்து வைக்கலாம். இந்தத் தெருவுக்குத் தண்ணீர், அந்தத் தெருவுக்கு இல்லை என்று பிரித்து விடலாம். நான் பாப்பாவிடமும் அதைத்தான் செய்யப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு எதையும் பாதி சொல்லித்தர முடியாது என்பது முப்பது வருடம் கூடவே இருந்த எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

"விட்டுடலாங்க" என்றாள் என் மனைவி, சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. பாப்பா காதில் விழாமல் இருக்க இப்போது எங்கள் வீட்டிலும் சத்தத்துக்கு நடுவே பேசும் ஏற்பாடு வந்துவிட்டது. "பென்ஷனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். என் பிள்ளை திரும்பி வந்தா போதும்."

"நாம செத்தப்புறம்?"

அவள் குழாயை மூடவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஆட்களைப் பார்த்தாலே பயம் வந்தது. குழுவுக்கு முன்னால் ரகசியமாக விசாரிக்க ஆள் அனுப்புகிறார்கள் என்று ஃப்யூஸ் வேறு எங்கோ கேட்டுவந்து கத்தினான். ஒருநாள் பை மாட்டிய ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் காகிதம், பேனா. நான் பாப்பாவைப் பின்அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவள் கை கதவிடுக்கில் மாட்டியிருக்கும், மயிரிழையில் தப்பியது. வாசலுக்கு வந்தேன்.

"நீரேற்று நிலையத்துல வேலை பார்க்கறவர் வீடு இதுதானே?"

"ஆமா... ஏன்? யார் நீங்க?"

"பின் தெருவுல இருக்கேன் சார். ஒரு வாரமா தண்ணியே வரல. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தும் யாரும் வரல. உங்க காலைப் பிடிக்கலாம்னு வந்தேன்."

நான் சிரித்தேன், வாய் கோணலாகப் போயிற்று. அவரைக் கைபிடித்து உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவர் பாவம், நான் லஞ்சம் எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துப் பர்ஸை எடுத்தார். அவர் போனபிறகு பின்அறைக் கதவைத் திறந்தால், பாப்பா நான் தள்ளிய இடத்திலேயே, தள்ளிய கோணத்திலேயே நின்றிருந்தாள்.

குழு கூடும் நாள் வந்தது. மசோதா மறுவாரம் வாக்கெடுப்புக்கு வரப்போவதாகச் செய்தியில் சொன்னார்கள்.

நகராட்சிக் கூட்ட அறைக்கு வெளியே வரிசையாகப் பெஞ்சுகள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரியும். சாக்கடைப் பிரிவு மேஸ்திரி, விளக்குக் கம்பத்துக்காரர், வரி வசூலில் இருக்கும் ஓர் அம்மா. எல்லோர் பக்கத்திலும் ஒரு பிள்ளை. சிலர் தலை நரைக்கத் தொடங்கிய பிள்ளைகள். முதலில் எனக்கு ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. அத்தனை பிள்ளைகளும் கலைந்திருந்தார்கள். தலை வாராமல், சட்டை உள்வெளி மாற்றி, ஒரு காலில் செருப்பு இல்லாமல். மேஸ்திரியின் மகனை எனக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் இருந்தாலும் மடிப்புக் கலையாமல் உடுத்துவான், என்னைக் கண்டால் கால்பந்து பற்றிப் பேசாமல் விடமாட்டான். அன்று அவன் வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. மேஸ்திரி துடைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

நாங்களும் சும்மா வரவில்லை. என் மனைவி பாப்பாவின் சட்டை பட்டன்களை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டிருந்தாள். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தபோது பாப்பாவின் கை தானாக மேலே போயிற்று, மேல் பட்டனைத் தொட்டது. அவள் கை அதைத் தேடிப் போனதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என் மனைவி அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சின்ன உருவம், கண்ணாடி. கடுமையாக இருப்பார் என்று பயந்து வந்தேன், அவரோ அன்பாக இருந்தார். அதுதான் இன்னும் ஆபத்து. பாப்பா அன்புக்கு உருகிவிடுவாள்.

"வாம்மா, இங்கே வந்து என் பக்கத்துல உட்காரு. அடடா, சட்டை ரொம்ப நல்லா இருக்கே! யார் தச்சது?"

சட்டையைத் தைத்தவள் தையல் அக்கா. பட்டன்களைத் தைத்தவள் பாப்பா. அவள் முகத்தில் வெளிச்சம் ஏறுவதை நான் பார்த்தேன். வாய் திறந்தது.

"தெரியாது" என்றாள்.

"உனக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"வீட்டுல அம்மாவுக்கு என்ன உதவி பண்ணுவே?"

"தெரியாது."

"சரி. இவர் யாரு?" டாக்டரம்மா என்னைக் காட்டினார்.

இந்தக் கேள்வியை நாங்கள் பழக்கவில்லை. பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியாது."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். டாக்டரம்மா குறிக்கவில்லை. பாப்பாவின் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, வெளிச்சத்தில் திருப்பி, நுனியைப் பார்த்தார். அங்கே ஊசி குத்திக் குத்திப் புள்ளி புள்ளியாகத் தோல் தடித்திருந்தது. தலை, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் யோசித்திருந்தோம். விரலை யோசிக்கவில்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். முள் குத்திவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

"என்ன மேடம்?" என்றார் அதிகாரி. "வெளியில இன்னும் நிறையப் பேர் இருக்காங்க."

டாக்டரம்மா பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கி, கையை மூடி, அவள் மடியில் கொண்டுபோய் வைத்தார். அதன்மேல் தன் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஒண்ணும் இல்லை. பதிவு பண்ணிக்குங்க" என்றார்.

என் மனைவி விம்மினாள். நான் கும்பிட்டேன். டாக்டரம்மா எங்கள் கும்பிடை ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி தன் பாட்டுக்கு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வருஷத்துக்கு ஒருதடவை இதே மாதிரி கூட்டிட்டு வரணும். நடுவுல சொல்லாம வீட்டுக்கும் ஆள் வருவாங்க, அக்கம்பக்கத்துலயும் கேப்பாங்க. தொழில் செய்யறது தெரிஞ்சா பதிவு ரத்து. பெற்றோர் காலத்துக்கு அப்புறமும் பிள்ளை இருக்கற வரைக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. மசோதாவுல அப்படித்தான் இருக்கு. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். நினைத்தது நடந்துவிட்டது. வெளியே வந்தபோது மேஸ்திரி தலையை ஆட்டி, "ஆச்சா?" என்று சைகையில் கேட்டார். ஆச்சு என்றேன். அவர் மகனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. பாப்பா நடுவிலுள்ள வழியோரத்து இருக்கையில், அவளுக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் என் மனைவி. நான் வழிக்கு இந்தப் பக்க இருக்கையில். பாப்பாவுக்குப் பக்கத்தில், இறங்குவதற்காக எழுந்து வழியில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண், வேலை முடிந்து வருகிறவர் போலிருந்தது, அவள் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"பட்டன் மாறிப் போட்டிருக்கே பாரு. உன் பேர் என்னம்மா?"

யாராவது பேர் கேட்டால் பாப்பாவுக்குக் கொண்டாட்டம். பேர், அப்பா பேர், தெரு, எங்கள் வீட்டுக் கதவின் நிறம் வரைக்கும் ஒப்பித்துவிடுவாள். அன்று அவள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் சாய்ந்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்டாள்.

"அப்பா, சொல்லலாமா?"

எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சீப்பும் சோப்பும் என் முகமும் எதுவும் எங்கும் போய்விடவில்லை. நாங்கள் சொன்ன ஒன்றை, எங்களைவிடச் சிரத்தையாக, ஒரு நொடிகூடத் தவறாமல் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நிறுத்தச் சொல்லி நாங்கள் சொல்லும் வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் மனைவிக்கும் அது கேட்டது. அவள் கண்ணை மூடி, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லுடா என் தங்கமே, கத்திச் சொல்லு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தேன். கூட்ட அறை வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு உள்ளே அனுப்பிய பியூன். அவனும் வீட்டுக்குப் போகிறான், அவ்வளவுதான். ஜன்னலில் தலை சாய்த்திருந்தான். தூங்குகிறானா, தூங்கவில்லையா என்று இங்கிருந்து தெரியவில்லை.

நான் பாப்பாவைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினேன்.

"தெரியாது" என்றாள் பாப்பா, அந்தப் பெண்ணிடம்.

"ஐயோ பாவம்" என்று அவர் பாப்பாவின் தலையைத் தடவிவிட்டு அப்பால் நகர்ந்துபோனார்.

பாப்பா மறுபடி என் பக்கம் சாய்ந்தாள். "எப்போ வரைக்கும்பா?"

அந்தப் பென்ஷன் அவள் கைக்கு வரும் நாளில், குழுவுக்கு முன்னால் அதே நாற்காலியில் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். சொல்லலாமா என்று கேட்கத் திரும்பினால் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன், என் மனைவியும் இருக்கமாட்டாள். போதும் கண்ணு, இப்போ சொல்லலாம் என்று அவளுக்குச் சொல்ல உலகத்தில் வேறு ஆளே கிடையாது. இத்தனை நாளில் இது எனக்கு உறைக்கவில்லை.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். என் மனைவி எழுந்து, பாப்பாவை ஜன்னலோரம் நகர்த்தி உட்காரவைத்துவிட்டு, வெளிப்பக்கம் தான் உட்கார்ந்துகொண்டாள், ஏறுகிறவர்கள் யாரும் அவளிடம் எதுவும் கேட்டுவிடாமல் இருக்க.